ஏழாம் நம்பர்

ஆற்றின் நடுவே ஒரு மனிதரை நிறுத்தி வைத்திருந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். 2022-ஆம் வருஷம், நவம்பர் மாதம். கோழிக்கோட்டுக்கு அருகில் புல்லாவூர் என்று ஓர் ஊர். அங்கே ஆற்றுத் திட்டில் முப்பது அடி உயரத்துக்கு ஒரு கட்-அவுட். கட்-அவுட் நமக்குப் புதிதல்ல. நாம் பார்க்காத கட்-அவுட்டா, ஊற்றாத பாலா? ஆனால் இந்த மனிதர் சினிமா நடிகர் அல்ல, மந்திரி அல்ல, மலையாளிகூட அல்ல. நீலமும் வெள்ளையும் கோடு போட்ட பனியன், குறுந்தாடி, சாதுவான முகம். அவருக்குப் போட்டியாக வேறொரு கட்சிக்காரர்கள் நாற்பது அடியில் இன்னொருவரை அதே ஆற்றில் நிறுத்தி வைத்தார்கள்.

"யாருடா இது?" என்று என் பிள்ளையைக் கேட்டேன். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். என் கேள்வி அவனுக்கு எவ்வளவு தலைகுனிவாக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அம்மா, வெளியிலே யார்கிட்டேயும் இப்படிக் கேட்டுடாதே. மெஸ்ஸி!" என்றான்.

இப்படித்தான் எனக்கும் கால்பந்துக்கும் பரிச்சயம் ஏற்பட்டது. அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததெல்லாம், இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்காகச் சண்டை போடுகிறார்கள், ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் தகராறு தீர்ந்தது என்ற பழைய வேடிக்கைதான். கதை எழுதுகிறவளுக்கு மனிதர்களைப் பார்க்கத்தான் ஆசை. ஆற்றிலே நிற்கிற அந்த மனிதர் யார் என்று பார்க்கலாமே என்று, நவம்பர் 22-ஆம் தேதி பிற்பகல் மூன்றரை மணிக்கு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தேன். கட்டார் தேசத்தில் உலகக் கோப்பைப் பந்தயம். அர்ஜென்டினாவும் சவூதி அரேபியாவும் மோதின.

பத்தாவது நிமிஷம் மெஸ்ஸி ஒரு பெனால்டி உதை உதைத்தார், கோல். அப்புறம் அர்ஜென்டினாக்காரர்கள் மூன்று தரம் பந்தை வலைக்குள் அனுப்பினார்கள். மூன்று தரமும் அது கோல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "ஆஃப்ஸைடு, அம்மா" என்றான் பிள்ளை. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அவன் சொன்ன விளக்கம் எனக்கு ஆஃப்ஸைடைவிடக் கடினமாக இருந்தது. இடைவேளைக்குப் பிறகு சவூதிக்காரர்கள் ஐந்து நிமிஷ இடைவெளியில் இரண்டு கோல் அடித்து ஜெயித்தே விட்டார்கள். அதற்கு முன்னால் முப்பத்தாறு ஆட்டங்களில் தோல்வியையே காணாத கோஷ்டியாம் அர்ஜென்டினா. ஆட்டம் முடிந்ததும் மெஸ்ஸி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு அவர் ஜெயித்திருந்தால் நான் எழுந்துபோய்ச் சமையலைக் கவனித்திருப்பேன். ஜெயிக்கிறவர்களால் எழுத்தாளர்களுக்கு என்ன பிரயோஜனம்? தோற்று நிற்கிற மனிதரை விட்டுவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

இரண்டு நாளில் அவருடைய சரித்திரத்தையே கரைத்துக் குடித்துவிட்டேன். 1987-இல் ரொசாரியோ என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் உருக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பேரனைக் கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்துப் போனவள் பாட்டி. கோல் அடித்ததும் அவர் வானத்தைக் காட்டுவது அந்தப் பாட்டிக்காக. பத்துப் பதினொரு வயதில் உடம்பு வளரவில்லை என்று ராத்திரி தோறும் காலில் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். பதின்மூன்று வயதில் பார்சிலோனாவுக்கு வந்தபோது, அவரைச் சேர்த்துக்கொள்வதாகக் காகிதக் கைக்குட்டை ஒன்றில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 2014-இல் உலகக் கோப்பையின் கடைசிப் படியில் ஜெர்மனியிடம் தோல்வி. 2016-இல் தென்னமெரிக்கக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் பெனால்டியைத் தவற விட்டு, 'இனித் தேசத்துக்காக ஆட மாட்டேன்' என்று சொல்லி, பிறகு மனசு மாறித் திரும்பி வந்திருக்கிறார். இதற்கு மேல் ஒரு நாவலுக்கு என்ன வேண்டும்?

இந்த இடத்தில் என் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். அம்மா போன பிறகு மாம்பலத்தில் எங்களோடு வந்து இருந்தார். காது சற்று மந்தம். மிஷினை மாட்டிக்கொள்ளச் சொன்னால், "கேட்டு என்ன ஆகணும்?" என்பார். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலி, அதில் அப்பா. அந்த இரண்டையும் நாங்கள் ஏறக்குறைய ஒரே பொருளாகத்தான் பாவித்து வந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சவூதி ஆட்டத்தை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பிட்டானதும் மேஜைமேல் இருந்த டம்ளர்களை இழுத்து வைத்தார். "இது கோல்கீப்பர்" என்று உப்பு ஜாடியை ஓரத்தில் நிறுத்தினார். அதற்கு முன்னால் இரண்டு டம்ளர். "இவங்க பேக்ஸ். நான் இந்தக் கரண்டி. பந்து என்கிட்டே இருக்கு. நீ அந்த டபரா. நான் பந்தை உதைக்கிறப்ப உனக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவிலே எதிராளி ரெண்டு பேராவது இருக்கணும். உப்பு ஜாடியையும் சேர்த்து ரெண்டு. இல்லேன்னா நீ ஆஃப்ஸைடு. பந்து உன்கிட்டே வர்ற நேரத்தைப் பார்க்காதே. நான் உதைக்கிற நேரத்தைப் பாரு. இன்னிக்கு அந்த அரபுக்காரங்க என்ன செஞ்சாங்க? எல்லாரும் சேர்ந்து இப்படி..." என்று டம்ளர்களை ஒரே வீச்சில் மேஜையின் நடுவுக்கு நகர்த்தினார். டபரா அநாதையாக உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நின்றது. "தைரியம்தான். ஒருத்தன் பின்தங்கினாலும் தொலைஞ்சது."

அம்மா போன பிறகு அப்பா சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் மெக்ஸிகோ ஆட்டம். நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு. என் கணவர் கிரிக்கெட் கட்சி. அவர் தூங்கப் போய்விட்டார். அறுபத்து நாலாவது நிமிஷம் மெஸ்ஸி தூரத்திலிருந்தே தரையோடு தரையாக ஓர் உதை விட்டார். பந்து மூலையில் போய் விழுந்தது. நானும் பிள்ளையும் கத்தினதில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. நாலு நாள் கழித்துப் போலந்து. அன்றைக்கு அவருடைய பெனால்டியைக் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். அதைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால் வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மனிதர் ஓடுகிறாரா என்றால் இல்லை. நடக்கிறார். மற்றவர்கள் மூச்சு முட்ட ஓடுகிறார்கள். இவர் மாலை வேளையில் பார்க்கில் உலாவுகிற ரிடயர்டு ஆசாமி மாதிரி, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நடக்கிறார்.

"இதென்னடா இது? சம்பளம் கொடுத்து நடக்கச் சொல்லியிருக்கிறார்களா?" என்றேன்.

பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. பார்சிலோனாவில் அவருக்குப் பயிற்சி கொடுத்த குவார்டியோலாவே சொல்லியிருக்கிறாராம்: அவர் சும்மா நடப்பதில்லை, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, எங்கே இடம் இருக்கிறது, எதிரியில் யார் பலவீனம் என்று மனசுக்குள் படம் வரைந்துகொள்கிறார் என்று. இருக்கலாம். நானும் கதை யோசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உலாவுகிறவள்தான். அதை வீட்டில் யாரும் நம்புவதில்லை.

நாற்காலியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அவன் நடக்கிறதைப் பார்க்காதேம்மா. அவன் நடக்கணும்னா அவனுக்குப் பதிலா எவனோ ஒருத்தன் ஓடணுமில்லே? அவன் யாருன்னு பாரு. அந்த ஏழாம் நம்பர்."

பார்த்தேன். ரொட்ரிகோ டி பால் என்று பெயர். மெஸ்ஸி பந்தை இழந்தால் இவர் ஓடுகிறார். மெஸ்ஸி விட்டுவிட்டுப் போன இடம் காலியாக இருந்தால் இவர் போய் நிற்கிறார். எதிரி மெஸ்ஸியை இடித்தால், இடித்தவனிடம் நியாயம் கேட்கவும் இவரே போகிறார். பந்து எங்கேயோ இருக்கிறது. இவர் அது அடுத்தபடி வரப்போகிற இடத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறார். பாதி நேரம் அது வருவதே இல்லை. அந்த ஓட்டமெல்லாம் வீண்தானே என்று கேட்டேன்.

"அவன் போய் நின்னதாலேதான் வரலை" என்றார் அப்பா.

நான் டெலிவிஷனை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். "நீங்க எந்த இடத்திலே ஆடினீங்க, அப்பா?"

"ரைட் ஹாஃப். நாலாம் நம்பர். அப்பல்லாம் முன்னாலே அஞ்சு பேர், நடுவிலே மூணு, பின்னாலே ரெண்டு. அந்த நடு மூணிலே வலது பக்கம்."

நேயர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு இருந்தது. பொன்மலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. அப்பா வேலை பார்த்த ஷாப்பின் கால்பந்துக் கோஷ்டி. இரண்டாவது வரிசையில் ஓரமாக, ஒல்லியாக, அப்பா. சின்னவளாக இருந்தபோது நான் கேட்பேன், "நீங்க எத்தனை கோல் அடிச்சீங்க, அப்பா?" "ஒண்ணுகூட இல்லேம்மா." "ஒண்ணுகூடவா?" அப்பா சிரிப்பார். வருகிறவர்களிடமெல்லாம் நான் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் கதை எழுத ஆரம்பித்த புதிதில், ஒரு ரயில்வே குமாஸ்தாவைப் பற்றி எழுதினேன். உத்தியோகத்தில் உயராத, வாயில்லாப் பூச்சியான ஒரு மனிதர். அவரை ஒரே வரியில் வர்ணிக்க வேண்டியிருந்தது. இருபது வருஷம் மைதானத்தில் ஓடியும் ஒரு கோல்கூட அடிக்காதவர் என்று எழுதினேன். அந்த வரியை எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு கூட்டத்தில் மேடையில் எடுத்துச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கினார்கள். அப்பா அந்தப் பத்திரிகையை இரண்டு தரம் படித்தார். "நல்லா எழுதியிருக்கே" என்றார். பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, "ரைட் ஹாஃப் கோல் அடிக்க மாட்டாம்மா" என்றார். ஏதோ தகவலைத் திருத்துகிறார் என்று நினைத்து நான் தலையை ஆட்டினேன்.

அன்றைக்குப் போலந்து ஆட்டம் இரண்டுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. மெஸ்ஸி அடித்த கோல் அதில் ஒன்றுகூட இல்லை.

அப்பாவைப் பற்றி அம்மா ஆயுள் பரியந்தம் சொல்லிக்கொண்டிருந்த புகார் ஒன்று உண்டு. 1977-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பிரேசில் தேசத்துப் பெலே கல்கத்தாவுக்கு வந்தார். காஸ்மாஸ் என்ற அமெரிக்கக் கோஷ்டிக்காக, ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானை எதிர்த்து ஆடினார். அப்பா ரயில்வே பாஸை எடுத்துக்கொண்டு மதராஸ் போய், அங்கிருந்து ஹௌரா மெயில் ஏறிவிட்டார். வருஷத்துக்குக் கிடைப்பதே எண்ணிச் சில பாஸ். அந்தப் பாஸில் காசிக்குப் போகலாம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். "ஹௌரா வரைக்கும் போன மனுஷர், இன்னும் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால் காசி" என்பாள். அதற்கப்புறம் குழந்தைகள், படிப்பு, வீட்டுக் கடன். அம்மா காசியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், அப்பா திரும்பி வந்து பெலேயைப் பற்றி அதிகம் பேசவே இல்லையாம். கௌதம் சர்க்கார் என்ற மோகன் பகான் ஆட்டக்காரரைப் பற்றித்தான் பேச்சு. மழையில் சேறாகிக் கிடந்த தரையில் பெலேயின் நிழலை மிதித்துக்கொண்டே திரிந்தாராம் அவர். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. "பெலேயைப் பார்க்கப் போய்விட்டு, எவனோ வங்காளியைப் பார்த்துட்டு வந்திருக்கார்" என்று அம்மா சொல்வாள். நாங்கள் சிரிப்போம்.

டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டம். எதிரி பிரான்ஸ். அன்று என் கணவர்கூட உட்கார்ந்தார். அப்பா, யாரும் சொல்லாமலே, காது மிஷினை மாட்டிக்கொண்டு வந்தார்.

முதல் கோல் பெனால்டியில் மெஸ்ஸி. இரண்டாவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வலது பக்கம், நடுக்கோட்டுக்கு அருகில், மெஸ்ஸிக்குப் பந்து வந்தது. அவர் அதை நிறுத்தக்கூட இல்லை. ஒரு தொடு, ஆல்வரெஸிடம் போய்விட்டது. ஆல்வரெஸ் முன்னால் ஓடிக்கொண்டிருந்த மக்கலிஸ்டருக்கு. அந்தச் சமயத்தில் "இடது! இடது!" என்று அப்பா கத்தினார். டெலிவிஷனில் இடது பக்கம் யாருமே தெரியவில்லை. மக்கலிஸ்டர் குறுக்கே தட்டினார், படம் நகர்ந்தது, அங்கே தன்னந்தனியாக டி மரியா வந்துகொண்டிருந்தார். கோல். எல்லோரும் குதித்தோம். நான் அப்பாவைப் பார்த்தேன். நாற்காலிக்குக் கீழே அவருடைய வலது கால் செருப்பை உதறிவிட்டு, தரையில் எதையோ தட்டிவிட்ட நிலையில் நின்றது.

மீதி ஆட்டம் உலகத்துக்கே தெரியும். எண்பது நிமிஷம் வரைக்கும் தூங்கின பிரான்ஸ், எம்பாப்பேயின் காலால் இரண்டு நிமிஷத்துக்குள் இரண்டு கோல் திருப்பிக் கொடுத்தது. உபரி நேரம். நூற்று இரண்டாவது நிமிஷம் ஏழாம் நம்பரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். "போச்சு" என்றார் அப்பா. "தாத்தா, மெஸ்ஸி இருக்காரே!" என்றான் பிள்ளை. ஆறு நிமிஷத்தில் மெஸ்ஸி கோல் அடித்தார். பிள்ளை தாத்தாவை வெற்றியோடு பார்த்தான். பத்து நிமிஷத்தில் பிரான்ஸ் அதையும் சமன் செய்தது; தாத்தா பேரனைப் பார்த்தார். கடைசி நிமிஷத்தில் அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் இடது காலை நீட்டி ஒரு கோலைத் தடுத்தாரே, அப்போது நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். பெனால்டிகளில் நாலுக்கு இரண்டு என்று ஜெயித்தார்கள். கட்டார் மன்னர் மெஸ்ஸிக்குக் கறுப்பு நிறத்தில் மெல்லிய அங்கி ஒன்றைப் போர்த்தினார். பிள்ளை அழுதான். நானும் கொஞ்சம் அழுதேன், மறுப்பானேன்?

அதோடு தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பார்க்கப்போனது ஒரு மனிதரை, அவருக்குக் கோப்பை கிடைத்துவிட்டது, கதை முற்றும். ஆனால் மறுவாரம் ஏதோ ஒரு சேனலில், பெயர் வாயில் நுழையாத இரண்டு கோஷ்டிகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒருவரையும் தெரியாது. அரை மணி நேரம் உட்கார்ந்து, பந்து இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2024-ஆம் வருஷ ஆரம்பத்தில் அப்பாவை நேரு ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனேன். சென்னையின் எஃப்.ஸி. கோஷ்டி ஆடியது. படி ஏற இருபது நிமிஷம் ஆயிற்று. உயரத்தில் உட்கார்ந்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "டெலிவிஷன்காரன் பந்தை மட்டும்தாம்மா காட்டறான். இங்கே எல்லாம் தெரியுது" என்றார். இருபத்திரண்டு பேரையும் தெரிந்தது. ஒரு பக்கத்தில் பந்து போனால் எதிர்ப்பக்கத்தில் ஆட்கள் ஒரு பாயைச் சுருட்டுவது போல் நகர்ந்து வருவது தெரிந்தது.

என் பழைய சிறுகதைகளைத் தொகுப்பாகப் போட ஒரு பதிப்பகத்தார் கேட்டு, புரூஃப் வந்திருந்த சமயம் அது. அந்தக் குமாஸ்தா கதையும் அதில் இருந்தது. இடைவேளையில், கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"அப்பா, அந்தக் கதையிலே ஒரு வரி. கோல் அடிக்காததைப் பத்தி. எடுத்துடப் போறேன்."

அப்பா கடலையை ஊதித் தோலைப் பறக்கவிட்டார். மிஷின் வேலை செய்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"எதுக்கு? நல்ல வரிதானே" என்றார். பிறகு, "அம்மாகூட சிரிச்சா" என்றார்.

எடுத்துவிட்டேன். தொகுப்பில் அந்த இடம் இப்போது சற்று மொட்டையாகத்தான் இருக்கிறது. படித்த நண்பர் ஒருவர், பழையதே நன்றாக இருந்தது என்று கடிதம் எழுதியிருக்கிறார்.

மெஸ்ஸி 2023-இல் அமெரிக்காவில் மயாமி கோஷ்டிக்குப் போய்விட்டார். 2025 ஜூலையில் டி பாலும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். பிள்ளை இதைச் சொன்னபோது அப்பா, "பார்த்தியா, ஆள் இல்லாம அவனுக்கு நடக்க முடியலை" என்றார். அந்த டிசம்பரில் அமெரிக்கக் கோப்பையின் கடைசி ஆட்டத்தை மயாமி மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. நம் ஊருக்கு அது நடுராத்திரி. அப்பாவால் இப்போதெல்லாம் விழித்திருக்க முடிவதில்லை. காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவரிடம் பிள்ளை ஓடிவந்து போனை நீட்டினான்.

"தாத்தா, பாருங்க! மெஸ்ஸி எதிராளி கால்லேருந்து பந்தைப் பறிச்சுக் கொடுக்கிறார். யார் கோல் அடிக்கிறது பாருங்க. உங்க ஏழாம் நம்பர்!"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். மூன்றாவது தரமும் போடச் சொன்னார்.

"அதெல்லாம் சரி," என்றார், "அவன் இவ்வளவு தூரம் மேலே வந்துட்டானே, அவன் இடத்தை யார் பார்த்துக்கிட்டா?"